லிப்ரே ஆபிஸ் பேஸை மரியாடிபி சர்வரோடு இணைத்த கதை

நாற்பது புத்தகங்களின் விவரத்தை வரிசையாகத் தட்டி முடித்த நேரம் பார்த்து மடிக்கணினி அசையாமல் நின்றுவிட்டது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட்டுக் கோப்பைத் திறந்தால் நாற்பதில் ஒன்றுகூட இல்லை. ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குப் போகும்போதே பதிவாகிவிடுகிறது என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அண்ணனும் நானும் சேர்த்து வைத்திருக்கும் புத்தகங்கள் 1,800-ஐத் தாண்டும். எது யாரிடம் போயிருக்கிறது என்பதற்கு ஒரு பட்டியல் வேண்டும் என்று லிப்ரே ஆபிஸின் தரவுத்தளச் செயலியான பேஸில் ஆரம்பித்தோம். பேஸின் கோப்பு வகையான ஓடிபியில் ஒரே ஒரு கோப்பு. அதை இருவருக்கும் பொதுவான ஃபோல்டரில் வைத்திருந்தோம். நான் திறந்து வைத்திருந்தால் மாடியறையில் அண்ணனுக்கு 'படிக்க மட்டும்' என்று வரும். அவர் திறந்திருந்தால் எனக்கு. "மூடிட்டியா?" என்று மாடிக்கும் கீழுக்கும் குரல் கொடுத்தே பாதி நேரம் போகும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நாற்பது வரி போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஏன் போனது என்று பார்க்க அந்த ஓடிபி கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, பெயரை ஜிப் என்று மாற்றிப் பிரித்தேன். ஓடிபி என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம்தான். உள்ளே படிவங்களுக்கு ஒரு ஃபோல்டர், அறிக்கைகளுக்கு ஒன்று, 'டேட்டாபேஸ்' என்று ஒன்று. அந்த மூன்றாவதில்தான் எச்எஸ்கியூஎல்டிபி என்ற குட்டி தரவுத்தளம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. பேஸ் திறந்திருக்கும்போது நாம் தட்டுவது உடனே இந்தப் பொட்டலத்துக்குள் போவதில்லை. கோப்பை 'சேவ்' செய்யும்போதுதான் பொட்டலம் மறுபடி கட்டப்படுகிறது. நடுவில் கணினி படுத்தால் பழைய பொட்டலம்தான் மிச்சம்.

சரி, தரவு ஓடிபிக்குள் இருக்கக் கூடாது. தரவு ஒரு சர்வரில் இருக்கட்டும், பேஸ் வெறும் வாசலாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன். சும்மா கிடந்த ஒரு பழைய மடிக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, அதில் மரியாடிபி என்ற தரவுத்தள சர்வரைப் போட்டேன். (மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள சர்வரை உருவாக்கிய மான்டி விடேனியஸ் தன் மூத்த மகள் மை பெயரை அதற்கு வைத்தார். 2009-இல் அதிலிருந்து பிரிந்த மரியாடிபிக்கு இளைய மகள் மரியாவின் பெயர். இதற்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை, எனக்குப் பிடித்த தகவல், அவ்வளவுதான்.) ரூட்டரில் அந்த மடிக்கணினிக்கு 192.168.1.20 என்ற முகவரியை நிரந்தரமாக ஒதுக்கினேன். இதைச் செய்யாவிட்டால் மின்சாரம் போய் வரும்போது முகவரி மாறி, பேஸ் யாரோ ஒருவருடைய கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

சர்வரிலேயே உட்கார்ந்து ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள தலைமைப் பயனராக) நுழைந்தபோது கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே விட்டது. 'அட, எல்லாம் சரியாக இருக்கிறதே' என்று நினைத்தது முதல் தப்பு. டெபியனில் மரியாடிபியின் ரூட், இயங்குதளத்தின் ரூட்டை ஆள் பார்த்து உள்ளே விடும் ஏற்பாடு. அந்தக் கணினிக்குள்ளேயே இருந்தால்தான் அது செல்லும். வலை வழியாக வரும் பேஸுக்கு அது உதவாது. பேஸிலிருந்து ரூட் என்று கொடுத்து, எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுச்சொற்களையும் போட்டுப் பார்த்தேன். சரியான கடவுச்சொல் என்று ஒன்று இல்லவே இல்லாத பூட்டுக்குச் சாவி தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம்தான் ஒழுங்காக முதலிலிருந்து வந்தேன். பேஸை மூடி வைத்துவிட்டு, என் மடிக்கணினியில் மரியாடிபியின் கட்டளைவரி கிளையன்ட்டை (கட்டளைகளைத் தட்டிச் சர்வரோடு பேசும் நிரலை) மட்டும் நிறுவி அதிலிருந்து சர்வரைக் கூப்பிட்டேன். இதை எல்லாருக்கும் சொல்வேன். பேஸ் தரும் பிழைச் செய்தி 'இணைப்பு கிடைக்கவில்லை' என்ற அளவில் முடிந்துபோகும். கட்டளைவரி எண்ணோடு சொல்லும், அந்த எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது.

எனக்கு முதலில் வந்த பிழை எண் 2002. சில பதிப்புகளில் இதே கோளாறுக்கு 2003 வரும். சர்வர் வரைக்கும் போகவே முடியவில்லை என்று பொருள். பயனர் பெயர், கடவுச்சொல் எதையும் மாற்றிப் பயனில்லை, அதுவரை போனால்தானே சர்வர் பெயர் கேட்கும்! மரியாடிபியின் அமைப்புக் கோப்பில் 'பைண்ட்-அட்ரஸ்' என்ற வரி 127.0.0.1 என்று இருந்தது. தன்னோடு மட்டும் பேசு என்று அர்த்தம். அதை 0.0.0.0 என்று மாற்றி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன். ஃபயர்வாலில் மரியாடிபியின் வாசல் எண்ணான 3306 போர்ட்டை வீட்டு வலைக்கு மட்டும் திறந்தேன். வெளியுலகத்துக்குத் திறக்கவில்லை, திறக்கவும் கூடாது.

அடுத்து 1130. இந்த முகவரியிலிருந்து வருகிறவரை உள்ளே விட அனுமதி இல்லை என்கிறது. இது முன்னேற்றம்! கதவு வரை வந்துவிட்டோம், காவலாளி பேசுகிறார். மரியாடிபியில் ஒரு பயனர் என்பது பெயர் மட்டுமல்ல, பெயரும் எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்தது. லோக்கல்ஹோஸ்டிலிருந்து (சர்வர் கணினிக்குள்ளிருந்தே) வரும் 'நூல்' என்ற பயனர் வேறு ஆள், 192.168.1.5-இலிருந்து வரும் 'நூல்' வேறு ஆள். நான் சர்வரில் உருவாக்கியிருந்தது முதலாமவரை. 192.168.1.% என்று சதவீதக் குறி போட்டு, வீட்டு வலையில் எங்கிருந்து வந்தாலும் செல்லும்படி இன்னொருவரை உருவாக்கி, புத்தகத் தரவுத்தளத்துக்கு மட்டும் உரிமை கொடுத்தேன். பிறகு 1045 வந்தது. அது கடவுச்சொல்லை நான் தப்பாகத் தட்டியதால். அதைத் திருத்தியதும் உள்ளே போய்விட்டேன்.

இவ்வளவும் பேஸைத் தொடாமல். தரவுத்தளத்தை, எல்லா மொழி எழுத்துகளையும் யூடிஎஃப்-8 வடிவில் வைக்கும் யூடிஎஃப்8எம்பி4 எழுத்துக்குறி முறையில் உருவாக்கியிருந்தேன், அது பின்னால் காப்பாற்றியது.

இனி பேஸ். புதிய தரவுத்தளம், 'ஏற்கெனவே உள்ள தரவுத்தளத்தோடு இணை', பட்டியலில் மைஎஸ்கியூஎல்/மரியாடிபி. மூன்று வழி காட்டியது: ஓடிபிசி, ஜேடிபிசி, நேரடி இணைப்பு. முதல் இரண்டும் பொதுவான இணைப்பு முறைகள், அவற்றுக்குத் தனியாக டிரைவர் என்ற இணைப்பு நிரல் வேண்டும். ஜேடிபிசி பற்றி முன்பு எங்கோ படித்த நினைவில் அதைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு ஜாவா வேண்டும். லிப்ரே ஆபிஸ் 64 பிட் என்றால் ஜாவாவும் 64 பிட்டாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அது ஜாவாவைக் கண்டுகொள்ளாது. மரியாடிபியின் ஜேடிபிசி டிரைவர் ஒரு ஜார் கோப்பு, அதாவது ஜாவா நிரல் பொட்டலம். அதை டூல்ஸ், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், ஜாவா நிரல்களைத் தேடும் இடமான 'கிளாஸ் பாத்'தில் சேர்த்தேன். சேர்த்த பிறகு லிப்ரே ஆபிஸ் முழுவதையும் மூடித் திறக்க வேண்டும், பேஸை மட்டும் மூடினால் போதாது. ரைட்டரில் ஒரு கடிதம் திறந்து கிடந்ததால் என்னுடையது மூடவே இல்லை. கால் மணி நேரம் வீண்.

டிரைவர் கிளாஸ் என்ற கட்டத்தில் ஏற்கெனவே மைஎஸ்கியூஎல்லின் பெயர் இருந்தது. அதை அழித்து ஆர்க்.மரியாடிபி.ஜேடிபிசி.டிரைவர் என்று போட்டேன். எல்லாம் சின்ன எழுத்து, கடைசிச் சொல்லின் முதலெழுத்து மட்டும் பெரியது. 'டெஸ்ட் கிளாஸ்' பட்டனை அழுத்தினேன். டிரைவர் வெற்றிகரமாக ஏற்றப்பட்டது என்றது. முடி என்றேன். இணைப்பு கிடைக்கவில்லை என்றது.

அந்த மாலை முழுக்க இங்கேதான் போனது. கட்டளைவரியில் அதே பயனர், அதே கடவுச்சொல் வேலை செய்கிறது. டிரைவர் ஏறிவிட்டது என்று பேஸே சொல்கிறது. பிறகு எது குறை? ஃபயர்வாலை முழுசாக அணைத்துப் பார்த்தேன். கடவுச்சொல்லை வெறும் எண்ணாக மாற்றிப் பார்த்தேன். ஜாவாவை நீக்கி மறுபடி நிறுவினேன். ஒன்றும் நடக்கவில்லை.

விஷயம் முகவரியின் தலையில் இருந்தது. பேஸில் மைஎஸ்கியூஎல் என்ற பிரிவுக்குள் ஜேடிபிசியைத் தேர்ந்தெடுத்தால், டிரைவரிடம் பேஸ் கொடுக்கும் முகவரி 'ஜேடிபிசி:மைஎஸ்கியூஎல்:' என்று தொடங்கும். மரியாடிபி டிரைவரின் 3-ஆம் பதிப்பிலிருந்து, நாம் தனியாகச் சொன்னாலொழிய அது 'ஜேடிபிசி:மரியாடிபி:' என்று தொடங்கும் முகவரியை மட்டும்தான் தன்னுடையது என்று ஏற்கும். மற்றதை 'இது எனக்கில்லை' என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். 'டெஸ்ட் கிளாஸ்' பார்ப்பது ஜார் கோப்பைத் திறக்க முடிகிறதா என்று மட்டும்தான். சர்வர் பக்கம் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தப் பட்டனுக்கு இவ்வளவு தெம்பான ஒரு செய்தி தேவையா என்று இன்னும் எனக்குக் கோபம்தான்.

வழி இதுதான்: முதல் பட்டியலில் மைஎஸ்கியூஎல்லைத் தேர்ந்தெடுக்காமல், பொதுவான 'ஜேடிபிசி' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே ஜேடிபிசி: என்பதற்குப் பின்னால் மீதி முகவரியை நாமே எழுதலாம். மரியாடிபி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, 192.168.1.20, முக்காற்புள்ளி, 3306, ஒரு சாய்கோடு, தரவுத்தளத்தின் பெயர். ஓகே கொடுத்ததும் கடவுச்சொல் கேட்டது, டேபிள்கள் வரிசையாக வந்து நின்றன.

பொதுவான வழியில் போனதற்கு ஒரு சின்ன வரி கட்ட வேண்டியிருந்தது. புதிய புத்தகத்தைச் சேர்த்தால் தானாக ஏறும் வரிசை எண் கட்டத்தில் தெரியவில்லை, டேபிளை மூடித் திறந்தால்தான் வந்தது. சர்வர் என்ன எண் கொடுத்தது என்று திரும்பிக் கேட்கப் பேஸுக்குத் தெரியாததுதான் காரணம். எடிட், டேட்டாபேஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் உள்ளே 'ஜெனரேட்டட் வேல்யூஸ்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதை டிக் செய்து, கேள்விக் கட்டத்தில் செலக்ட் லாஸ்ட்_இன்சர்ட்_ஐடி() என்று போட்டதும் சரியாகிவிட்டது.

பழைய பட்டியலைக் கொண்டுவருவது எதிர்பார்த்ததைவிட எளிது. பழைய ஓடிபியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, டேபிளைப் பிடித்து இழுத்துப் புதியதில் போட்டால் ஒரு விசார்டு வரும். அமைப்பும் தரவும் சேர்த்து என்று கொடுத்தால் போதும். ஒரே ஒரு கவனம்: பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம்) உருவாக்கவா என்று ஒரு டிக் கட்டம் அதில் இருக்கிறது. புத்தக டேபிளுக்கு டிக் செய்தேன், இரவல் டேபிளுக்கு மறந்துவிட்டேன். விளைவு, இரவல் டேபிள் திறக்கும், எல்லாம் தெரியும், ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. புதிய வரிக்கான கடைசிக் காலி வரியே வராது. உரிமை கொடுத்ததில் குறையோ என்று சர்வரைத் துருவிக்கொண்டிருந்தேன். உரிமையில் குறையில்லை. பிரைமரி கீ இல்லாத டேபிளில் எந்த வரியைத் திருத்துகிறோம் என்று அடையாளம் சொல்ல வழியில்லாததால் பேஸ் அதைப் பூட்டிவிடுகிறது. சர்வரில் ஒரு கீ சேர்த்ததும் திறந்துகொண்டது.

இப்போது மாடியறை.

அண்ணனுடையது விண்டோஸ், அதில் ஜாவா கிடையாது. "ஜாவாவெல்லாம் போடமாட்டேன், நானே பார்த்துக்கிறேன்" என்று ஓடிபிசி டிரைவரை இறக்கி, தானே இணைத்துவிட்டார். முதல் தடவையிலேயே இணைந்தது. என் மாலை முழுக்கப் போனதை நினைத்து எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல். மறுநாள் காலை கூப்பிட்டார்: "டேய், நேத்து 23 புத்தகம் ஏத்தினேன். எல்லாம் கேள்விக்குறியா இருக்கு."

அவர் திரையில் மட்டுமல்ல, என் திரையிலும் அந்த 23 வரிகளில் தலைப்பெல்லாம் கேள்விக்குறிதான். நான் ஏற்றிய தமிழ்த் தலைப்புகள் என் பக்கம் பளிச்சென்று இருந்தன, அவர் பக்கம் அவையும் கேள்விக்குறி. காட்டுவதில் கோளாறா, சேமித்ததிலேயே கோளாறா என்பதுதான் முதல் கேள்வி. காட்டுவதில் மட்டும் என்றால் தரவு பத்திரம், சேமித்ததில் என்றால் போனது போனதுதான்.

இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் 3 பைட். 'க' என்பது 224, 174, 149. தமிழ்க் குறி எதுவானாலும் முதல் பைட் 224தான். கேள்விக்குறியோ ஒரே பைட், 63. மரியாடிபியில் ஆஸ்கி() என்ற செயல்பாடு ஒரு சரத்தின் முதல் பைட்டை எண்ணாகத் தரும். தலைப்புக் கட்டத்துக்கு அதைப் போட்டு ஓட்டினேன். நான் ஏற்றிய தமிழ்த் தலைப்புகள் எல்லாம் 224, 224, 224. அண்ணனின் 23 வரியும் 63. சர்வரிலேயே கேள்விக்குறிதான் உட்கார்ந்திருக்கிறது. (195 வந்திருந்தால் வேறு கதை: யூடிஎஃப்-8 பைட்டுகளை மேற்கத்திய எழுத்துகள் என்று நினைத்து மறுபடி ஒரு தடவை மாற்றியிருக்கிறது என்று பொருள். தலைக்குக் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். அதைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். 63-ஐ மீட்க முடியாது.)

சர்வர் வந்ததை அப்படியே வைத்திருக்கிறது. கேள்விக்குறியாக மாறியது அதற்கு முன்னால், அண்ணனின் கணினியிலேயே. ஓடிபிசி அமைப்பைத் திறந்து பார்த்தபோது புரிந்தது. அந்த டிரைவர் நிறுவும்போது இரண்டாக வருகிறது: ஒன்று ஆன்சி, இன்னொன்று யூனிகோடு. அகரவரிசையில் ஆன்சி முதலில் நிற்கிறது, அண்ணன் முதலில் கண்ணில் பட்டதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஆன்சி என்றால் விண்டோஸின் பழைய குறிமுறைப் பக்கம் ஒன்றின் வழியாகத்தான் எழுத்து போகும். தமிழுக்கு அப்படி ஒரு ஆன்சி பக்கம் விண்டோஸில் கிடையாது, தமிழ் அதில் வந்ததே யூனிகோடு வழியாகத்தான். இடமில்லாத எழுத்துக்குப் பதில் ஒரு கேள்விக்குறியை வைத்து அனுப்பிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது, கேள்விக்குறியும் முறையான எழுத்துதானே.

யூனிகோடு டிரைவருக்கு மாற்றியிருந்தாலே போதும். ஆனால் அந்த நேரத்தில் மூன்றாவது வழியையும் பார்த்துவிடலாம் என்று நேரடி இணைப்பைக் கொடுத்துப் பார்த்தோம். சர்வர் 192.168.1.20, போர்ட் 3306, தரவுத்தளப் பெயர், பயனர். அவ்வளவுதான். ஜாவா இல்லை, ஜார் இல்லை, ஓடிபிசி அமைப்பு இல்லை. தமிழ் ஒழுங்காகப் போய் ஒழுங்காக வந்தது, சோதனை வரிக்கு 224. இது லிப்ரே ஆபிஸோடு கூடவே வரும் இணைப்பி. இதை முதலிலேயே செய்திருந்தால் இந்தப் பதிவு பாதியாகச் சுருங்கியிருக்கும். அன்று மாலையே என்னுடையதையும் நேரடிக்கு மாற்றினேன். பழைய ஓடிபியைத் தூக்கிப் போடத் தேவையில்லை, எடிட், டேட்டாபேஸ் உள்ளே 'கனெக்‌ஷன் டைப்' என்பதில் வகையை மாற்றினால் படிவங்களும் வினவல்களும் அப்படியே இருக்கும். அந்த 23 புத்தகங்களை அண்ணன் மறுபடி தட்டினார். நான் உதவிக்கு வரட்டுமா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

இரண்டு வாரம் ஓடிய பிறகு கண்ணில் பட்ட சில சங்கதிகள். பேஸின் வினவல் பக்கத்துக்கென்று சொந்தமாக ஓர் எஸ்கியூஎல் (தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் மொழி) புரிதல் இருக்கிறது. அதற்குத் தெரியாத மரியாடிபிச் செயல்பாட்டை எழுதினால் இலக்கணப் பிழை என்று திருப்பி அனுப்பும். குரூப்_கான்கேட் போட்டு ஒருவரிடம் இருக்கும் எல்லாத் தலைப்பையும் ஒரே வரியில் எடுக்க முயன்றபோது எனக்கு வந்தது. 'எஸ்கியூஎல் கட்டளையை நேரடியாக ஓட்டு' என்ற பட்டனை அழுத்தினால் பேஸ் குறுக்கே வராமல் சர்வருக்கே அனுப்பிவிடும். ஆனால் அப்படி ஓட்டினால் விடையைத் திருத்த முடியாது, பெயருக்கு முன் முக்காற்புள்ளி வைத்தால் ஓட்டும்போது அதன் மதிப்பைக் கேட்கும் வசதியும் போய்விடும். அதேபோல் அண்ணன் மாற்றியது என் திரையில் தானாக மாறாது, புதுப்பி பட்டனை அழுத்த வேண்டும்.

இரவு முழுக்கப் பேஸைத் திறந்தே வைத்தால் காலையில் 2006 என்ற பிழை வரும். சர்வர் போய்விட்டது என்று சொல்லும். எங்கும் போகவில்லை. 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம், பேச்சில்லாமல் இருந்தால் மரியாடிபி இணைப்பை வெட்டிவிடும். மூடித் திறந்தால் சரி. அந்த அளவைக் கூட்டலாம்தான், ஆனால் திறந்தே வைக்கும் பழக்கத்தை ஊக்குவிக்க எனக்கு விருப்பமில்லை.

இப்போது ஓடிபி கோப்பைப் பிரித்தால் 'டேட்டாபேஸ்' ஃபோல்டரில் ஒரு புத்தகம்கூட இல்லை. முகவரி, படிவங்கள், வினவல்கள், அவ்வளவே. கோப்பைத் தவறிப்போய் அழித்தாலும் ஒரு புத்தகமும் தொலையாது. அதனால் காப்புப் பிரதி எடுக்க வேண்டிய இடம் மாறிவிட்டது. ஓடிபியை நகலெடுத்து வைத்து 'பேக்கப் ஆச்சு' என்று இருந்தால் மோசம் போவோம். சர்வரில் இரவுதோறும், தரவு முழுவதையும் ஒரு கோப்பாக எழுதும் மரியாடிபி-டம்ப் ஓடி, விளைவை இன்னொரு கணினிக்கு அனுப்பும்படி வைத்திருக்கிறேன்.

நேற்று அண்ணன் மறுபடி கூப்பிட்டார். "தலைப்பு வாரியா அடுக்கினா கனவு எப்படிடா கப்பலுக்கு முன்னாடி வருது?" பார்த்தேன், வரத்தான் செய்கிறது. தரவுத்தளத்தின் வரிசை முறை 'யூடிஎஃப்8எம்பி4 ஜெனரல் சிஐ' என்று இருக்கிறது. அது தமிழை யூனிகோடு எண் வரிசைப்படிதான் அடுக்கும். யூனிகோடு அட்டவணையில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்து, 'ப'வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நம் அகராதியில் அது மெய்வரிசையின் கடைசி. ற, ழ, ள எல்லாம் இதேபோல் இடம் மாறித்தான் நிற்கின்றன. வேறு வரிசை முறைக்கு மாற்ற வேண்டும் என்றால் முதலில் ஒரு டம்ப் எடுத்துப் பிரதியில் சோதித்துவிட்டுத்தான் தொடுவேன். அதுவரை கனவு கப்பலுக்கு முன்னால்தான் நிற்கும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.